செத்த ஆடு தின்ற இலை

கிளினிக்கின் ஷட்டர் பாதி வளைந்து தொங்கியது. குனிந்துதான் உள்ளே போக முடிந்தது. கண்ணாடி அலமாரி குப்புறக் கிடந்தது. மருந்து பாட்டில்கள் உடைந்து தரை முழுக்கப் பிசுபிசுத்தது. சுவரில் சிவப்புப் பெயின்டால் யாரோ எழுதியிருந்தார்கள்: 'துரையைக் கொன்ற துரோகி.'

"எழுத்துப் பிழையே இல்ல மேடம். படிச்சவங்க யாரோ கூட இருந்திருக்காங்க," என்றான் ஆசிப்.

கார்குழலி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். ஆசிப் வாயை மூடிக்கொண்டான். புதுச்சேரியில் பெண் துப்பறிவாளர் என்று பலகை மாட்டிக்கொண்டு பதினோரு வருடம் தாக்குப்பிடித்தவள் அவள். அவளிடம் உதவியாளனாக நான்கு வருடம் தாக்குப்பிடித்தவன் அவன். எந்தப் பார்வைக்கு வாயை மூட வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி.

டாக்டரின் மனைவி ஹேமலதா துடைப்பத்தை நிறுத்தவில்லை. கண்ணாடித் துண்டுகளைச் சரக் சரக்கென்று தள்ளிக்கொண்டே பேசினாள். அழுத முகமாக இல்லை. அடுத்து யாராவது வாயைத் திறந்தால் அந்தத் துடைப்பம் அவர்கள் மேல் திரும்பும் என்கிற முகம்.

"என் வூட்டுக்காரர் ஸ்டேஷன்ல உக்காந்திருக்காரு. நாளைக்குக் காலையில கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். ஒரு ஆட்டைக் கொன்னுட்டாராம். முப்பது வருஷமா இந்த முத்தியால்பேட்டையில ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்த மனுசன்."

"முதல்லேருந்து சொல்லுங்க. அந்த ஆடு யாரோடது?"

"புருஷோத்தமன்னு ஒருத்தன். கருவடிக்குப்பம் தாண்டி பண்ணை வெச்சிருக்கான். வெள்ளாட்டையும் செம்மறியையும் கலந்து புது ஜாதி உண்டாக்கிட்டேன்னு கெளம்புனான். வெள்மறின்னு பேரு வேற. பாரீஸ்ல இருக்கற மாமா பையன் சொல்லிக் குடுத்த டெக்னிக்காம். அவங்கிட்ட துரைன்னு ஒரு கடா இருந்துச்சு. பார்த்தா பாதி வெள்ளாடு, பாதி செம்மறி. ஊர் ஊரா வண்டியில ஏத்திக்கிட்டுப் போய்க் காட்டுனான். துரைக்குப் பொறந்த குட்டிங்கன்னு ஜோடி ஜோடியா வித்தான். சுத்துப்பட்டுல அத்தினி பேரும் கறவை மாட்டை வித்துட்டு வாங்கிட்டுப் போனாங்க."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"நடக்காதுன்னாரு. வெள்ளாட்டுக்குக் குரோமோசோம் அறுபது, செம்மறிக்கு அம்பத்தி நாலு. ரெண்டும் சேர்ந்தா கருவே தங்காது, தங்குனாலும் செத்துதான் பொறக்கும். உலகத்துல எங்கியாவது ஒண்ணு ரெண்டு உசுரோட பொறந்திருக்கு, அதுலயும் கடாவா இருந்தா மலடுதான், கோவேறு கழுதை மாதிரின்னாரு. அவன் வெச்சிருக்கறது வெறும் செம்மறி, தாடிய ஒட்டிவெச்சு ஏமாத்தறான்னு கூட்டம் போட்டுச் சொன்னாரு. கால்நடைத் துறைக்கு மனு போட்டாரு. திங்கக்கிழம ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ண ஆளுங்க வர்றதா இருந்துச்சு. சனிக்கிழம காலையில துரை செத்துப் போச்சு."

"தேதி பார்த்துச் செத்திருக்கு," என்றான் ஆசிப்.

இந்த முறை கார்குழலி அவனை முறைக்கவில்லை.

"இவரோட ஊசி மருந்து பாட்டில் ஒண்ணு ஆட்டுக்குப் பக்கத்துல கெடந்துச்சாம். எங்க குப்பைத் தொட்டியிலேருந்து யார் வேணா பொறுக்கிட்டுப் போலாம். போலீஸ் வர்றதுக்குள்ள ஆட்டை எரிச்சிட்டான். சாமி மாதிரி வளர்த்தேன், அறுத்துப் பார்க்க விடமாட்டேன்னு ஒப்பாரி வெச்சான். அத வீடியோ எடுத்துப் போட்டான். அன்னைக்குச் சாயங்காலம் கூட்டம் வந்துச்சு."

துடைப்பம் நின்றது.

"கூட்டத்துக்கு முன்னால யாரு வந்தான் தெரியுமா? கலியபெருமாள். போன ஐப்பசியில அவன் மாடு கன்னு போட முடியாம கெடந்தப்ப, கொட்டற மழையில இவரு போய் முழங்கை வரைக்கும் உள்ள வுட்டு இழுத்தாரு. அந்தக் கையத்தான் மிதிச்சான். ரெண்டு விரல் ஒடஞ்சிடுச்சு. எனக்குப் புருஷோத்தமன் மேல வர்ற கோவத்தை வுட இவனுங்க மேலதான் வயிறு எரியுது. ஏமாத்துனவனுக்கு மாலை, எச்சரிக்கை பண்ணவனுக்கு மிதி."

"ஏமாந்துட்டோம்னு ஒத்துக்கறதை விட டாக்டரை மிதிக்கறது அவங்களுக்குச் சுளுவா இருந்திருக்கு," என்றாள் கார்குழலி. அவள் குரல் தணிந்திருந்தது. தணிந்தால் ஆபத்து என்று ஆசிப்புக்குத் தெரியும். "ஆசிப், வண்டிய எடு. குட்டி வாங்கப் போறோம்."

*

பண்ணை வாசலிலேயே துரையின் படம். ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, ரோஜா மாலை போட்டு, கீழே ஊதுபத்தி ஏற்றியிருந்தார்கள். வளைந்த கொம்பு, தொங்கும் தாடி, முதுகில் கம்பளம் போல் ரோமம்.

"எங்க தாத்தாவுக்குக்கூட இவ்ளோ பெரிய படம் வெக்கல," என்று முணுமுணுத்தான் ஆசிப்.

புருஷோத்தமன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்தான். மூன்று நாள் தாடி. துக்கத்துக்கு வளர்த்தது. விழுப்புரத்திலிருந்து வருவதாகவும், பத்து ஜோடி எடுக்கும் யோசனை இருப்பதாகவும் கார்குழலி சொன்னதும் துக்கம் கொஞ்சம் விலகியது.

"வாங்க மேடம். துரை போயிட்டான். ஆனா அவன் ரத்தம் இங்க ஓடிக்கிட்டு இருக்கு, பாருங்க."

பட்டியில் நாற்பது, ஐம்பது குட்டிகள். சிவப்பும் பழுப்புமாக, வால் கீழே தொங்க, தரையில் கொட்டியிருந்த பசுந்தீவனத்தில் முகம் புதைத்து நின்றன. ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை. அவற்றுக்கு நடுவே முரட்டுச் செம்மறிக் கடா ஒன்று கழுத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது.

"இவரு யாரு?" என்றான் ஆசிப்.

"அது சும்மா, துணைக்கு."

"துணைக்கு நல்லாத்தான் இருக்காரு."

புருஷோத்தமன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போனை எடுத்து துரையை எரித்த வீடியோவைக் காட்டினான். விறகு அடுக்கு. அதன்மேல் ஏதோ ஓர் ஆடு. கொம்பிலிருந்து குளம்பு வரை செவ்வந்தி மாலைகள். மூக்கின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

"முகத்தைக் காணோமே," என்றாள் கார்குழலி.

"என்னால பார்க்க முடியல மேடம். மூடச் சொல்லிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பண்ணையில வெள்ளாடு எதுவும் வெச்சிருக்கீங்களா? எங்களுக்கு அதுலயும் ரெண்டு வேணும்."

"சேச்சே. வெள்ளாடு ஒண்ணுகூட உள்ள விடமாட்டேன் மேடம். காம்பவுண்டைத் தாண்டக் கூடாது. ரத்தம் கெட்டுப்போயிடும். இங்க இருக்கறது மொத்தமும் துரை வாரிசு, அதுங்களோட அம்மாங்க, அவ்ளோதான்."

"சந்தோஷம். பாத்ரூம் எங்க இருக்கு?"

"வீட்டுக்குப் பின்னாடி, ஜெனரேட்டர் ரூமுக்கு இந்தப் பக்கம்."

அவள் நகர்ந்ததும் ஆசிப் புருஷோத்தமனின் தோளில் கை போட்டான். "சார், ஒரு டவுட்டு. அப்பன் ஒரு ஜாதி, அம்மா ஒரு ஜாதி. குட்டிக்குப் பசிச்சா எந்த மொழியில கத்தும்?"

அவன் கேள்வி கேட்டால் சுலபத்தில் முடிக்க மாட்டான். அதற்கு மட்டுமே சம்பளம் கொடுக்கலாம் என்று கார்குழலி பலமுறை நினைத்ததுண்டு.

வீட்டின் பின்புறம் ஒரு சிறிய முற்றம். மூன்று பக்கமும் சுவர். ஜெனரேட்டர் அறையின் இரும்புக் கதவுக்கு எதிரே இளம் பலாமரம் ஒன்று. கார்குழலி அதைத் தாண்டிப் போனவள் நின்றாள். திரும்பி வந்தாள்.

மரத்தின் மேல்பாதி இலை அடர்ந்து பளபளத்தது. கீழ்ப்பாதி மொட்டை. எட்டிய இடத்தில் எல்லாம் இலைகள் போயிருந்தன. அந்த எல்லை அவள் கழுத்து உயரத்தில், அளந்து கோடு போட்டது மாதிரி நின்றது. அரிவாள் பட்டிருந்தால் காம்பு சீராக அறுந்திருக்கும். இவை பிய்ந்து, நார் நாராகத் தொங்கின. ஓர் இலையில் பாதி மட்டும் மிச்சம் இருந்தது. அதன் ஓரத்தில் பல் பதிந்த வளைவு.

காம்பை விரலால் தொட்டாள். வெள்ளைப் பால் கசிந்து விரலில் ஒட்டியது. நேற்றைய காயமாக இருந்தால் அது இறுகிப் பழுப்பேறியிருக்க வேண்டும்.

அடிமரத்தைப் பார்த்தாள். இடுப்பு உயரத்தில் பட்டை மேல் இரண்டு குளம்புகள் வழுக்கிய கீறல்கள். பின்னங்காலில் எழுந்து, முன்னங்காலை மரத்தில் ஊன்றி, எட்டி எட்டித் தின்றிருக்கிறது ஏதோ ஒன்று. பட்டியில் இருந்த கூட்டம் தரையை விட்டு மூஞ்சியை எடுக்காத கூட்டம். மரத்தில் ஏறி நின்று மேய்வது வெள்ளாட்டுப் புத்தி. அந்தப் புத்தி உள்ள எதுவும் இந்தக் காம்பவுண்டுக்குள் இல்லை என்று இப்போதுதான் அவனே சொன்னான். சனிக்கிழமை செத்துப்போன ஒன்றைத் தவிர.

அவள் இன்ஸ்பெக்டர் இளஞ்செழியனுக்குப் போன் போட்டாள்.

"மேடம், திரும்பத் திரும்பக் கேக்காதீங்க," என்றார் அவர் எடுத்ததுமே. "எனக்கும் அந்தப் பண்ணைக்காரன் மேல சந்தேகம்தான். ஆனா கூட்டம் ஸ்டேஷன் வாசல்ல உக்காந்திருக்கு. ஆடு எரிஞ்சு சாம்பலாயிடுச்சு. நான் இன்னாத்த வெச்சு விசாரிக்கறது?"

"அந்தச் சாம்பல் இங்க பண்ணையில பலா இலை தின்னுக்கிட்டு இருக்கு சார். வந்து பாருங்க."

ஜெனரேட்டர் அறைக் கதவில் பூட்டு இல்லை, தாழ்ப்பாள் மட்டும். நீக்கினாள். டீசல் நாற்றத்தை மீறிக்கொண்டு கடா நாற்றம் அடித்தது. ஜெனரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் துரை நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. செத்த களை எதுவும் அதன் முகத்தில் இல்லை.

"ஐயோ, பாவம். ஆவி," என்றது பின்னால் ஒரு குரல். ஆசிப். "அந்தாளுக்கு போன் வந்துச்சு மேடம், தப்பிச்சு வந்துட்டேன். லாரி எத்தினி மணிக்குன்னு கேட்டுக்கிட்டிருக்கான். இன்னைக்கே ஆந்திராவுக்கு அனுப்பறான்."

"முதல்ல தாடியப் பிடிச்சு இழு. ஒட்டுத்தாடி கையோட வரட்டும். டாக்டர் சொன்னது அப்படியே நிரூபணம் ஆயிடும்."

ஆசிப் இழுத்தான். துரை அவன் தொடையில் ஒரு முட்டு முட்டியது. அவன் வைக்கோலில் உட்கார்ந்தான். கையில் நாலு ரோமம்தான் வந்தது.

"மேடம், இது நல்ல கம்பெனி பசை."

கார்குழலி குனிந்தாள். தாடியின் வேரை விரலால் விலக்கிப் பார்த்தாள். தோலிலிருந்தே முளைத்திருந்தது. முதுகு ரோமத்தைப் பிளந்து பார்த்தாள். கம்பளியும் முடியும் ஒன்றோடொன்று கலந்து ஒரே தோலில் வளர்ந்திருந்தன. சாயம் இல்லை, ஒட்டு இல்லை, தையல் இல்லை.

"இழுங்க மேடம், இன்னும் நல்லா இழுங்க."

வாசலில் புருஷோத்தமன். இரண்டு பக்கமும் இரண்டு ஆட்கள், கையில் தடி. அவன் முகத்தில் இப்போது துக்கம் போய்ச் சிரிப்பு வந்திருந்தது.

"அசல். கருவடிக்குப்பத்துல ஒருத்தர் பட்டியில வெள்ளாடும் செம்மறியும் ஒண்ணா அடைச்சு வெச்சப்ப தானா பொறந்தது. கசாப்புக்குப் போக இருந்துச்சு, நான்தான் புடிச்சு வந்தேன். எந்த லேப்புக்கு வேணா அனுப்புங்க, கலப்புன்னுதான் எழுதிக் குடுப்பான். போலின்னு ஊரைக் கூட்டிக் கத்துன உங்க டாக்டர்தான் பொய்யர்னு ஆவும்."

ஆசிப் வைக்கோலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். பிறகு மெல்ல, "மேடம், அசலை வெச்சிருக்கறவன் எதுக்கு அது செத்துட்டதா நாடகம் ஆடணும்? ரத்தம் எடுத்தா இவனுக்குத்தானே ஜெயம்?" என்றான்.

கார்குழலி துரையின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவில் கறுப்புக் கோடு ஓடும் மஞ்சள் கண். காலையில் ஹேமலதா துடைப்பத்தோடு சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக அவள் காதில் திரும்ப ஓடியது. உயிரோடு பிறந்தாலும், கடாவாக இருந்தால்.

"நீ பயந்தது போலின்னு வந்துடும்னு இல்ல," என்றாள். "அசல்னு வந்துடும்னு பயந்த."

புருஷோத்தமனின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது.

"அசல் கலப்புக் கடாவுக்குக் குட்டி பொறக்காது. லேப்ல கலப்புன்னு எழுதிக் குடுத்த அடுத்த நிமிசம், இதுக்குப் பொறந்ததுன்னு நீ வித்த அத்தினி குட்டியும் யாருதுன்னு கேப்பாங்க. டாக்டர் சொன்ன மாதிரி இது போலியா இருந்திருந்தாக்கூட நாலு நாள் வாய்ச்சண்டை போட்டு ஓட்டியிருப்ப. அசலாப் போனதுதான் உனக்கு வினை."

"அப்ப அந்தத் துணைக்கு நிக்கறவரு..." என்றான் ஆசிப். "மாப்பிள்ளை அவருதானா? போஸ்டர்ல மட்டும்தான் துரையா?"

"எனக்கு அது தெரியாது," என்றான் புருஷோத்தமன். குரல் வேகமாக வந்தது. "மலடுன்னு யாரும் எங்கிட்ட சொல்லல. நானும் நம்பித்தான் வளர்த்தேன். நானும் ஏமாந்தவன்."

"தெரியாதவன் எதுக்குய்யா இன்னொரு ஆட்டைக் கொன்னு, மாலையில மூடி, எரிச்சு வீடியோ எடுத்தான்? தெரியாதவன் ரத்தம் எடுக்க வர்றவங்களுக்குக் காப்பி வெச்சுக் குடுத்திருப்பான். நீ செஞ்ச ஈமக்காரியம்தான் உனக்கு எல்லாம் தெரியும்ங்கறதுக்குச் சாட்சி." அவள் ஓரடி முன்னால் வைத்தாள். தடி வைத்திருந்தவர்களில் ஒருவன் தன்னையறியாமல் பின்னால் நகர்ந்தான். "ஜனங்க ஏமாந்ததைக்கூட விடு. நீ தப்பிக்கறதுக்கு ஒரு மனுசனோட கைய மிதிக்க வெச்ச பாரு. அவனுங்க காலை வெச்சே மிதிக்க வெச்ச."

வாசலில் ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. தடி வைத்திருந்த இருவரும் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சம்பந்தமில்லாதவர்கள் போல் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

*

சாயங்காலம். ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் கூட்டம் எழுந்து நின்றது. போலீஸ் வண்டியிலிருந்து துரை இறங்கியதும் முன்வரிசை இரண்டடி பின்வாங்கியது. பிறகு புருஷோத்தமன் இறங்கினான்.

உள்ளே டாக்டர் ஹரிகிருஷ்ணன் வலது கையில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஹேமலதா அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, "நீங்க கெளம்பலாம் டாக்டர்," என்றார்.

"என் வாக்குமூலத்தை எழுதிக்கிட்ட அப்புறம்தான். துரையைப் போலின்னு நான் சொன்னது தப்பு. பக்கத்துல போய்ப் பார்க்காமலே சொன்னேன். அதை முதல் வரியா எழுதுங்க."

"ரெண்டு நாள் இங்க கெடந்தது பத்தலியா?" என்றாள் ஹேமலதா. "இப்ப தப்பு என்னுதுன்னு வேற எழுதிக் குடுக்கணுமா?"

"நான் எழுதலைன்னா அவன் வக்கீல் எழுதுவான் ஹேமா. அது கலப்புதான்னு நான் கையெழுத்து போட்டாத்தான் அவன் மாட்டுவான்."

ரைட்டர் அதை எழுதி உரக்கப் படித்துக் காட்டினார். ஜன்னல் வழியாக அது வெளியே கேட்டது. கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "டாக்டரே ஒத்துக்கிட்டாருய்யா. துரை அசல்தான். அப்ப நம்ம குட்டியும் அசல்தான்."

கலியபெருமாள். கக்கத்தில் ஒரு குட்டியை இடுக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். அறுபது வயது. கண் சிவந்து, தூங்காத முகம். அந்தக் கடைசி நூலிழையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஹரிகிருஷ்ணன் வெளியே வந்தார். இடது கையால் குட்டியின் முகத்தைத் தூக்கினார். "இங்க பாரு. மேலுதட்டு நடுவுல கோடு. கண்ணுக்குக் கீழ குழி. ரெண்டும் செம்மறிக்குத்தான் இருக்கும். இதுக்கு அப்பனும் செம்மறி, ஆத்தாளும் செம்மறி. துரை அசல் கலப்பு, அதனாலயே அதுக்கு வாரிசு கெடையாது. நல்ல குட்டி. சந்தையில வாங்கற விலைக்கு நல்ல குட்டி."

கலியபெருமாள் குட்டியின் உதட்டைப் பார்த்தான். விரலால் அந்தக் கோட்டைத் தடவினான். குட்டியைத் தரையில் விட்டான். பிறகு விடுவிடுவென்று ஸ்டேஷன் படியை நோக்கி நடந்தான். அங்கேதான் புருஷோத்தமன் நின்றிருந்தான். கூட்டம் அவன் பின்னால் நகர்ந்தது. யாரோ கல்லை எடுத்தார்கள்.

கார்குழலி படியின் குறுக்கே வந்து நின்றாள்.

"சனிக்கிழமையும் இப்படித்தான் வந்தீங்க. இதே காலு. யார் பேச்சையும் கேக்காம ஒருத்தரை மிதிச்சீங்க. இன்னைக்கு வேற ஆளு, அவ்ளோதானா? கல்லைக் கீழ போடு. உள்ள போய்ப் புகார் எழுதிக் குடு. ஒருத்தர் விடாம எழுதிக் குடுங்க. அவன் வெளியவே வராம இருக்கணும்னா அதுதான் வழி."

கலியபெருமாளின் கை தொங்கியது. "எனக்குக் கையெழுத்து மட்டுந்தாம்மா போட வரும்," என்றான்.

ரைட்டரின் மேஜையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் பிடுங்கிக்கொண்டு ஹேமலதா வெளியே வந்தாள். படியில் உட்கார்ந்தாள். தாளை முழங்காலில் வைத்தாள்.

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத," என்றாள் அவனைப் பார்க்காமலே. "கிளினிக்கை ஒடச்சதையும் இதுலயே எழுதப்போறேன். விரலை ஒடச்சதையும் எழுதுவேன்."

"எழுதுங்கம்மா."

"அப்பா பேரு சொல்லு."

அவன் சொன்னான். அவள் அழுத்தி எழுதியதில் பேனா முனை தாளைக் கிழித்தது. நிறுத்தாமல் அதற்குப் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டே போனாள்.